படகின் இடது பக்கம்

குடிபாலாவிலிருந்து தகரப்பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக நர்ஸ் வேலைக்கு நான் சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் வந்து இறங்கிய அன்று, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நெட்டை மனிதர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வணக்கமும் சொல்லவில்லை, பேரும் சொல்லவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

“மொதல்ல கொறைய சொல்லிட்றேன் சிஸ்டர். சமையல் ரூம்ல மேற்கு மூலை ஒழுவும். கெணத்துத் தண்ணி உப்பு. நடுச்சுவரு ஒத்தைச் செங்கல்லு, நான் வெடிகாலத்துல இருமுவேன், உங்களுக்குக் கேக்கும். மத்தபடி நல்ல வீடு.”

பக்கத்தில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைக் காட்டி, “இது எம்பொண்ணு. வலது கால் போலியோ. பேரு சுகிர்தம்” என்றார்.

பேருக்கு முன்னால் கால். எனக்குச் சுரீரென்றது. தாயில்லாப் பெண் என்பதை அன்று சாயங்காலமே வார்டில் சொன்னார்கள். தாய் மஞ்சள் காமாலையில் போய்விட்டாளாம். அம்மா இருந்திருந்தால் இப்படிப் பேச விடுவாளா என்று நினைத்துக்கொண்டேன். அந்த மனிதர் பக்கத்தில் பதினெட்டு வருஷம் குடியிருந்தேன். மேற்கு மூலை ஒழுகியது, தண்ணீர் உப்புக் கரித்தது, விடியற்காலையில் இருமினார். சொன்னதில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு எக்ஸ்ரேக்காரர் என்றுதான் பேர். நான் அண்ணே என்பேன். அதனால் சுகிர்தத்துக்கு நான் அத்தை ஆனேன். குறையை முதலில் சொல்வது என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. சைக்கிளை விற்கப் போனால், “செயின் மூணு நாளைக்கு ஒருக்கா கழண்டுக்கும்” என்றுதான் பேச்சைத் தொடங்குவார். வாங்க வந்த கம்பவுண்டர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தால், “இதுல ஒண்ணுல வண்டு இருக்குது. எதுன்னு தெரியல” என்பார். நான் ஏழு பழத்தையும் சந்தேகத்தோடு அறுத்துத் தின்பேன். கடைசியில் பார்த்தால் வண்டு இருக்கும்.

சிரிக்கிறோம். ஆனால் அந்தக் குணம் ஒரு காலைக் காப்பாற்றியதையும் சொல்லவேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போது இடது, வலது என்று ஈயத்தில் செய்த சின்ன அடையாளத்தை வைப்பார்கள். ஒருநாள் அதை இவர் மாற்றி வைத்துவிட்டார். பிலிம் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டது, பேஷண்டுக்கு மயக்க மருந்தும் கொடுத்தாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. சோற்றுக் கையோடு ஓடிவந்து தியேட்டர் கதவைத் தட்டி, “நிறுத்துங்க டாக்டர், தப்பு என்னுது, நான் மாத்தி வெச்சிட்டேன்” என்று கத்தினார். உள்ளே நான் இருந்தேன். வெள்ளைக்கார டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் திட்டினார். திட்டி முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த டாக்டர்தான் இரண்டு வருஷம் கழித்து ஊரைவிட்டே போகும்போது படகைக் கொடுத்தது. மிஷன் டாக்டர்கள் சொந்த தேசத்துக்குத் திரும்பும்போது பங்களா வராந்தாவில் சாமான்களைப் பரப்பி வைப்பார்கள். ஆளாளுக்குக் கட்டிலும் திரைச்சீலையும் வாங்கிக்கொண்டு போவோம். யாரும் தொடாத ஒரு நீள அட்டைப்பெட்டி மூலையில் கிடந்தது. மேலே ஒரு படகின் படம். டாக்டர் அதை எடுத்து இவர் கையில் வைத்து, தன்னுடைய உடைந்த தமிழில், “எனக்கு வாங்கினேன். நேரம் இல்லை. நீ செய்தால் சரியாய் செய்வாய்” என்றார்.

பெட்டிக்குள் படகு இல்லை. மரத்துண்டுகள் இருந்தன. மீன் முள்ளை உருவியது மாதிரி ஒரு நடுத்தண்டு, அதில் செருக விலா எலும்புகள், மேலே ஒட்டத் தக்கைபோல லேசான மரப் பட்டைகள் ஒரு கட்டு, பித்தளைக் குழாய், விரலளவு மோட்டார், சின்ன ரேடியோ ஒன்று, கையில் பிடிக்கப் பொத்தான் வைத்த இன்னொரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் கரையில் நின்றபடியே படகைத் திருப்பலாம். ஒருமுறை அழுத்தினால் வலது பக்கம், இரண்டுமுறை அழுத்தினால் இடது பக்கம். இவர் என்ன செய்தார் தெரியுமா? முதல் வேலையாகச் சாமான் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணி, விலா எலும்பில் ஒன்று குறைகிறது, இரண்டில் கீறல் இருக்கிறது என்று டாக்டருக்குக் கடிதம் எழுதினார். இலவசமாகக் கொடுத்தவருக்கு! ஐந்து மாதம் கழித்துக் கடல் தாண்டி ஒரு கவரில் அந்த ஒற்றை எலும்பு வந்தது. அதுவரைக்கும் பட்டையில் கை வைக்கவில்லை மனிதர்.

இன்னொரு கூத்து. அப்போதெல்லாம் வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் லைசன்ஸ் எடுக்கவேண்டும். இவர் படகின் ரேடியோவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கவுண்டருக்குப் போனார். துணைக்கு நானும் மணியார்டர் பண்ணப் போயிருந்தேன்.

“பாட்டலு ஒஸ்தாயா?” என்று கேட்டார் கிளார்க். பாட்டு வருமா என்று.

“ராவு சார், வராது.”

“வார்த்தலு?”

“செய்தியும் வராது சார்.”

“மரி ஏமி ஒஸ்துந்தி?”

“ஒண்ணும் வராது. படகு திரும்பும்.”

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் மணியார்டர் பாரத்தைப் பார்த்தேன். போய் வாருங்கள் என்று கைகூப்பினார் கிளார்க். இவர் விடவில்லை. என்னிடம் இப்படி ஒரு பொருள் இருக்கிறது, லைசன்ஸ் தேவையென்றால் தெரியப்படுத்தவும் என்று எழுதிக்கொடுத்து, அதற்கு ஒரு முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்.

படகு ஆறு வருஷம் எடுத்தது. டியூட்டி முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து எலும்புமேல் ஒட்டவேண்டும். பசை காயும்வரை பிடித்துக்கொள்ள ஆபரேஷன் இடுக்கிகள். தேய்ந்துபோய்க் கழித்த இடுக்கிகள்தான், ஆனாலும் மேட்ரனிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கியிருந்தார். சோடா போட்ட வெந்நீரில் கழுவி எடுத்த பழைய எக்ஸ்ரே பிலிம் கண்ணாடிபோல் ஆகும். அதை வெட்டிப் படகுக்கு ஜன்னல் வைத்தார். படகு நேராக மிதக்க அடியில் வைக்க ஈயம், எக்ஸ்ரே ரூம் கதவில் அடித்தது போக மிஞ்சிய துண்டு. சுழலும் தண்டு போகும் குழாயில் தண்ணீர் ஏறாமலிருக்க வாஸலின். படகே ஒரு பேஷண்ட் மாதிரி இருந்தது.

வலது பக்கப் பட்டைகளை அவர் ஒட்டினார். இடது பக்கத்தை சுகிர்தம் ஒட்டினாள். அவளுக்கு அப்போது இருபது வயது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தாள். வலது காலில் இரும்புக்கம்பி வைத்த பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாள். பூட்ஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் வலது கையைத் தொடைமேல் ஊன்றிக் குனிந்து குனிந்து நடக்கவேண்டும். விரல்கள் மட்டும் அப்படி ஒரு விரல்கள். அவள் ஒட்டிய பக்கம் தந்தம் மாதிரி இருந்தது. இவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நகத்தால் நீளவாக்கில் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“மூணாவது பட்டையில ஒரு அரிசி அளவு சந்து இருக்குதும்மா.”

“தெரியும் நைனா. மரத்தூளும் பசையும் கொழச்சி வெச்சிருக்கேன், அடச்சிட்றேன்.”

அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் அடைத்தாள். தேய்த்தாள். வெறும் கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத்தான் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்க வலது பக்கம் என்ன வாழுதாம்?” என்று கேட்டேன். “அதுல பதினோரு எடத்துல இருக்குது சிஸ்டர்” என்று உடனே பதில் வந்தது. எழுதியே வைத்திருந்தார்.

தேய்ப்பு மட்டும் ஒரு வருஷம். சொரசொரப்பானது, நடுத்தரம், மிருது, அப்புறம் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புக் காகிதம் என்று நாலு தினுசு உப்புத்தாள். ஒரு கோட் வார்னிஷ், காய்ந்ததும் அதையே தேய்த்து எடுப்பது, மறுபடி ஒரு கோட். பூசிப் பூசி அழிக்கிற இந்த வேலை எனக்கு விளங்கவே இல்லை. மூன்றாவது கோட்டில் ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டு செத்தது. எடுத்தால் குழி விழும், எடுக்காவிட்டால் கொசு தெரியும். மூன்று நாள் யோசித்துவிட்டுக் கொசுவை அப்படியே விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரிச் சலவைத் தொட்டியில் படகை விட்ட அன்று சலவைக்காரர் துணிகளை ஓரம் தள்ளி வைத்தார். டியூட்டி இல்லாத நர்ஸுகள் எல்லாம் வந்துவிட்டோம். மோட்டார் உறுமியது. படகு தொட்டியின் நடுவே நேராகக் கிழித்துக்கொண்டு போய், இவர் பொத்தானை அழுத்தியதும் சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைபோலத் திரும்பியது. கை தட்டினோம். சுகிர்தம் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். இவர் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டு, “நேரா போறப்ப கொஞ்சம் எடது பக்கம் இழுக்குது” என்றார்.

இப்படியே படகோடு போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன்.

சுகிர்தத்துக்கு வரன் வந்தது. முதல் வரன் சபைக்குள்ளேயே வந்தது. ஆராதனை முடிந்து வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த பையனின் தகப்பனார், “ஐயா, உங்க பொண்ணு விசயமா…” என்று வாய் திறந்ததும், இவர், “வலது கால் போலியோ. கம்பி பூட்ஸ் இல்லாம நடக்க முடியாது. மழைக்காலத்துல வலிக்கும்” என்றார். அந்த மனிதர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். இரண்டாவது வரன் சாந்திபுரத்திலிருந்து கடிதத்தில் வந்தது. பெண்ணின் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். போட்டோவோடு காலின் எக்ஸ்ரே பிலிமையும் சேர்த்து வைத்து அனுப்பினார். உலகத்தில் எந்தத் தகப்பனாவது செய்வானா? பிலிம் மட்டும் திரும்பி வந்தது. போட்டோ வரவில்லை.

அவளுக்கு இருபத்துமூன்று ஆகிவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஒற்றைச் செங்கல் சுவர் வீட்டில் தனியாகப் படுத்துக் கிடப்பது என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அது வேண்டாம் என்று வைராக்கியமே வந்துவிட்டது. திருப்பதியில் எனக்குப் பழக்கமான ஒரு டீச்சரம்மா இருந்தாள். விதவை. ஒரே பையன், ரயில்வே ஆபீசில் கிளார்க். கன்வென்ஷன் கூட்டத்தில் பார்த்தபோது நானே பேச்சை எடுத்தேன். பெண்ணின் படிப்பைச் சொன்னேன், பாட்டைச் சொன்னேன், விரலைச் சொன்னேன். காலைச் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்து பார்க்கிறோம் என்றாள்.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே ரூமுக்குப் போனேன்.

“அண்ணே, நாளைக்கு ஒரே ஒருநாள் வாய மூடிக்கினு இருங்க.”

“இன்னா சிஸ்டர் சொல்றீங்க?”

“ஆயிரம் பொய்ய சொல்லி ஒரு கல்யாணத்த பண்ணுன்னு ஊரே சொல்லுது. நான் உங்கள ஒரு பொய்கூட சொல்லச் சொல்லல. சும்மா இருங்கன்றேன். பொண்ண முன்னாடியே மேஜைக்குப் பின்னால உக்கார வெச்சிடலாம். பூட்ஸ் வேணாம். மேஜைமேல உங்க படகு இருக்கட்டும். பேசட்டும், புடிக்கட்டும். அப்புறமா பக்குவமா நானே சொல்லிக்கறேன்.”

“கேட்டாங்கன்னா?”

“கேட்டா சொல்லுங்க.”

நனைந்த பிலிம் ஒன்றைத் தொங்கவிட்டார். “அது பொய் ஆயிடாதா சிஸ்டர்?” என்றார். நான் அப்போது சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. “உங்க உண்மைய வெச்சிக்கினு நீங்க பரலோகம் போயிடுவீங்க. அந்தப் பொண்ணு எங்க போவும்?” என்று கேட்டேன். அவர் முகம் செத்துவிட்டது. சரி என்று தலையை ஆட்டினார்.

அடுத்தது சுகிர்தம். நான் சொன்னால் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ரோஷக்காரி. அதனால் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னேன். “உங்க நைனாவே சொல்றார்மா, பூட்ஸ் இல்லாம உக்காந்துக்கினு இருக்கட்டும்னு.” அவள் டைப் அடிப்பதை நிறுத்தி, “நைனாவா?” என்றாள். “ஆமா, அவர்தான்” என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை அவள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு டீச்சரம்மாவும் பையனும் வந்தார்கள். நீலச் சேலையில் சுகிர்தம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் படகு. இவர் வலது ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பையன் சாது. பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போனது அவன் காதிலேயே தெரிந்தது, சிவந்திருந்தது. டீச்சரம்மா படிப்பைப் பற்றிக் கேட்டாள், பாடச் சொன்னாள். சுகிர்தம் உட்கார்ந்தபடியே ஒரு ஞானப்பாட்டுப் பாடினாள். அப்புறம் பேச்சு நின்றது. டீச்சரம்மா இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எதற்கோ காத்திருக்கிற மாதிரி. இவர் தரையைப் பார்த்தார். நான் காபி எடுத்து வந்தேன்.

“இந்தப் படக நீங்களே செஞ்சீங்களாய்யா?” என்று கேட்டாள் டீச்சரம்மா.

அடைத்து வைத்திருந்த மடை உடைந்தது.

“ஆமாம்மா. மொதல்ல கொறைய சொல்லிட்றேன். மூக்கு படத்துல இருக்கறதவிட கொஞ்சம் தாழ்ந்துட்டுது. இந்தப் பக்கம் பதினோரு எடத்துல சந்து. தண்டு நேரா உக்காரல, அதனால எடது பக்கம் இழுக்கும். ஜன்னலு எக்ஸ்ரே பிலிமு, மஞ்சளாயிக்கினு வருது. தோ, இங்க பாருங்க, வார்னிஷ்ல ஒரு கொசு.”

பையன் குனிந்து கொசுவைப் பார்த்துச் சிரித்தான். டீச்சரம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன், பிழைத்தோம் என்று. சுகிர்தம் சிரிக்கவில்லை. தகப்பனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் படகைத் தூக்கி மறுபக்கம் திருப்பிக் காட்டினார்.

“இந்த எடது பக்கம் எம்பொண்ணு ஒட்டுனது. இதுல ஒரு கொறையும் கெடையாது.”

வாழ்நாளில் அவர் அவளைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் மூன்றாவது பட்டையில் அரிசி அளவு சந்தை அடைத்த தடம் இருப்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். வலது கையைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு குனிந்து நிமிர்ந்தது. வாசல்வரை போனாள். திரும்பி வந்து அவர்கள் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

“வலது கால் போலியோ. ரெண்டு வயசுல வந்துச்சி. பேரு சுகிர்தம்.”

டீச்சரம்மா எழுந்து போய் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு எங்களைப் பார்த்துப் பேசினாள். சத்தம் போடவில்லை.

“கால் விசயம் எங்களுக்கு முந்தியே தெரியுங்கய்யா. நம்ம சபைங்கள்ல எந்தச் சேதி எங்க நிக்குது? சாந்திபுரத்துக்கு நீங்க பிலிம் அனுப்புனது திருப்பதி வரைக்கும் வந்துச்சி. எல்லாரும் சிரிச்சாங்க. எம்புள்ளதான் சொன்னான், ‘அம்மா, இப்டி ஒரு மனுஷன் வீட்டுல பொண்ணு எடுக்கணும்’னு. அதுக்காவத்தான் வந்தோம். நீங்களே சொல்லுவீங்கன்னு இவ்ளோ நேரமா பாத்துக்கினு இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “கொசுவக் கூட சொன்னீங்களேய்யா.”

பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா அவன் கையைத் தொட்டாள். ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறோம் என்றாள். ஜெபத்தில் இந்த வீட்டுக்காக நன்றாகத்தான் வேண்டிக்கொண்டாள். ஆனால் எழுந்து போனவர்கள் போனவர்கள்தான்.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். சுகிர்தம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

“நைனா, என்னய இப்டி உக்கார வெக்கச் சொன்னது நீங்கதானா?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் என்ன செய்தேன்? டம்ளரைப் பார்த்தேன்.

“ஆமாம்மா. நான்தான் சொன்னேன்.”

“ஊருக்கெல்லாம் என் கால சொல்லிக்கினு இருந்தீங்களே, அப்பல்லாம் எனக்கு ஒருநாளும் வெக்கமா இருந்தது இல்ல நைனா. எங்க நைனா இருக்கறத சொல்றார்னு இருப்பேன். இன்னிக்குத்தான் வெக்கமா இருந்துச்சி.”

பத்து வருஷமாக அவள் முகத்தைப் பார்த்து, பாவம் பெண் கூசிப்போகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த முகத்தை எனக்குப் படிக்கவே தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வரவில்லை. திங்கட்கிழமை எக்ஸ்ரே ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார்.

“அவளுக்கு அம்மா இல்ல சிஸ்டர். எங்கிட்ட பேசாம போனாகூட பரவால்ல. பேச ஒரு பொம்பள வேணும். நீங்க பக்கத்துல இருக்கறீங்க. உங்களயும் அவ வுட்டுட்டான்னா யாருகிட்ட போவா?”

“நான் அவகிட்ட உண்மைய சொல்லிட்றேன் அண்ணே.”

“சொன்னா சொல்லுங்க. அது உங்க விசயம். நான் சொல்லமாட்டேன்.”

சொல்லிவிடவேண்டும் என்று அன்று சாயங்காலமே போனேன். அவள் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். “அத்தே, நீங்களாவது என்னப்பத்தி மறைக்காம இருங்க” என்றாள். அழுகிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் அவளுக்குத் திருப்பதியில் ஒரு காலேஜ் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் தங்கினாள். தகப்பனாருக்கு மாதம் ஒரு கார்டு போடுவாள். ‘சுகம், சுகமறிய ஆவல்’, கீழே கையெழுத்து. எனக்கு நாலு பக்கம் எழுதுவாள். அவர் ஒருபோதும் அதைக் கேட்டு வாங்கிப் படித்ததில்லை. “நல்லாருக்குறாளா?” என்பார். “நல்லாருக்குறா” என்பேன். போய்விடுவார்.

ஒருமுறை படகைத் துண்டில் சுற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போனார். அவள் ஹாஸ்டல் வாசலுக்கு வந்து, இங்கே வைக்க இடமில்லை நைனா என்றாளாம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தார். அதற்கப்புறம் அதன்மேல் உப்புத்தாள் படவில்லை. குறை சொல்லும் வழக்கமும் மெல்லக் குறைந்தது. மாம்பழம் கொடுத்தால் வெறுமனே கொடுத்தார். அது எனக்குப் பயமாக இருந்தது. “இதுல வண்டு இருக்குதா அண்ணே?” என்று நானே கேட்பேன். “தெரியல சிஸ்டர், பாத்துத் துன்னுங்க” என்பார்.

எட்டு வருஷம் அப்படி இருந்துவிட்டு, நெஞ்சு வலி வந்து எங்கள் வார்டிலேயே செத்துப்போனார். கடைசி இரண்டு நாள் நான்தான் டியூட்டி. அப்போதாவது, நான் அவளிடம் சொல்லிவிட்டேனா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. தலையணை உயரம் போதுமா என்று கேட்டபோது, போதும், நல்லா இருக்குது என்றார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு, சுகிர்தம் அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். எதிரே படகு. நகத்தால் அதன் இடது பக்கத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அத்தே, எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. தியேட்டர் கதவ தட்டிக்கினு தன் தப்ப சொன்ன மனுஷன். எதுக்காவ அன்னிக்கு மட்டும் என்னய மறைச்சார்? எட்டு வருசமா யோசிக்கிறேன். உங்களுக்குத் தெரியுமா?”

வாய்வரை வந்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது. இனி நான் என்ன சொன்னாலும் கெட என்ன இருக்கிறது? அவர் திரும்பி வரப்போவதில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு அவள் நைனா திரும்பக் கிடைத்திருப்பார். அவளுக்கு நான் இல்லாமல் போயிருப்பேன். கணக்கு அவ்வளவு சுலபம். அது தெரிந்தும் நான், “ஆம்பளைங்க மனசு யாருக்கும்மா தெரியும்?” என்றேன்.

“அதான்” என்று தலையாட்டினாள். படகை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனாள்.

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. சுகிர்தமும் ரிட்டயர் ஆகிவிட்டாள், தனியாகத்தான் இருக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் யார் கையிலாவது எனக்கு ஒரு கேக் கொடுத்தனுப்புகிறாள். கூடவே ஒரு கடிதம். எனக்கென்று உண்மையாக இருந்தது நீங்கள் ஒருத்திதான் அத்தை என்று எழுதுகிறாள். போன கிறிஸ்துமஸுக்கும் வந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு, கேக்கை வெட்டித் தின்றேன்.